பதினேழில் கிடந்த பந்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அக்கா. இதில் எதையும் நான் நேரில் பார்த்ததில்லை. உங்கள் அப்பா அந்தக் கோப்பையை ஜெயித்தபோது நான் பிறக்கவே இல்லை. எங்கப்பா சொன்னது பாதி. இந்தக் கோல்ஃப் கிளப்பின் கேடி ஷெட்டுக்குப் பின்னால் டீக்கடை வைத்திருந்த பங்கஜம் அத்தை சொன்னது பாதி. நடுவில் எங்கேயாவது பிசகு இருந்தால் அது என்னுடையது. எனக்கு எதையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசித்தான் பழக்கம். இன்றைக்குத் தாள் இல்லை.

உட்காருங்கள். செகரட்டரி சார் மூன்றரைக்குத்தான் வருவார். அவர் வந்தால்தான் சாமான்களை ஒப்படைக்க முடியும். பை அதோ இருக்கிறது. உள்ளே மட்டைகள் பதினான்கு, எண்ணி வைத்திருக்கிறேன். மழைக்கோட்டு ஒன்று. கோப்பை அந்த இரும்பு அலமாரியில். எடுத்துக் காட்டவா? வேண்டாமா. சரி.

வாசலில் என்னிடம் கேட்டீர்கள் இல்லையா, "எங்கப்பா அதை நெசமாவே ஜெயிச்சாரா, இல்ல திருட்டாட்டமா?" என்று. அது தெரிந்தால்தான் கோப்பையைத் தொடுவேன், இல்லையென்றால் பையை மட்டும் எடுத்துக்கொண்டு ஐந்தே கால் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன் என்றும் சொன்னீர்கள். நான் யாரென்று தெரியாமல் கேட்டுவிட்டீர்கள். நான் வெள்ளிங்கிரியின் மகள். பெயர் மோனிஷா, இந்த ஆபீசில் எழுத்து வேலை.

எழுந்து போய்விடுவீர்களோ என்று பயந்தேன். நீங்கள் போகவில்லை.

உங்கள் அப்பாவும் என் அப்பாவும் ஒரே லைன். தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை இருக்கிறதே, அந்த லைனில் ஒன்பதாம் வீடு அவர், பத்தாம் வீடு எங்கப்பா. நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து "தண்ணி குடிடா" என்று குரல் வருமாம். உங்கள் அப்பா சவரி, எங்கப்பாவுக்கு நாலு வயது மூத்தவர். நான் அவரைப் பெரியப்பா என்றுதான் சொல்வேன். முகத்தைப் பார்த்து ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை, அது வேறு.

இரண்டு பேரும் இந்தக் கிளப்பில் கேடிகள். கோல்ஃப் ஆடுகிற சார்களுக்குப் பை தூக்குவது, பந்து எங்கே விழுந்தது என்று பார்த்துச் சொல்வது, அதுதான் வேலை. ரேஷன் கார்டில் தொழில் என்ற இடத்தில் "கேடி" என்று எழுதிவிட்டு, தாலுகா ஆபீசில் எல்லாரும் எங்கப்பாவைப் பார்த்துச் சிரித்தார்களாம். திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை. அன்று மட்டும் கேடிகள் ஆடலாம். சார்கள் தூக்கிப்போட்ட உடைந்த மட்டையில் சீகை மரக் கொம்பைப் பிடியாகச் செருகி, பெரியப்பா ஆட ஆரம்பித்தது அப்படி ஒரு திங்கட்கிழமையில்தான். பனி மூடி எதிரே இருப்பது தெரியாத நாளிலும் ஆடுவாராம். பந்து விழுந்த சத்தத்தை வைத்து, "வலப்பக்கம், பள்ளத்துக்கு இந்தப் பக்கம், ஈரப் புல்லு" என்பாராம். போய்ப் பார்த்தால் சரியாக அங்கேயே கிடக்குமாம். பங்கஜம் அத்தைக்கு ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவங்களே சொல்வாங்க, "அவன் அடிச்சா சத்தம் வேற மாதிரி இருக்கும் கண்ணு. மத்தவனுக அடிச்சா கதவைத் தட்டுற மாதிரி. அவன் அடிச்சா யாரோ மூச்சு விடுற மாதிரி."

அப்புறம் அவர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனதும், கல்கத்தா, டெல்லி, பெங்களூர் என்று பதினோரு பட்டம் வாங்கியதும் உங்களுக்கே தெரிந்திருக்கும். தெரியாதா? வீட்டில் பேசவே மாட்டார்களா. திருப்பூரில் உங்கள் அம்மா அவர் பெயரையே எடுக்க மாட்டார்கள் என்று இங்கே சொன்னார்கள். நான் நம்பவில்லை.

அந்தப் பதினோரு பட்டத்திலும் பை தூக்கியது எங்கப்பா. அதையும் சொல்லிவிட வேண்டும். ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியில், பையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் மாறி மாறித் தூங்கிக்கொண்டு போவார்களாம். எங்கப்பா தோள்பட்டையில் அந்தப் பையின் வார் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. நான் சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். மாட்டுக்கழுத்தில் இருக்குமே, அந்த மாதிரி.

இப்போது ஒன்று சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் மீதி எதுவும் புரியாது. மொத்தம் பதினெட்டுக் குழி, குறைந்த அடிகளில் பந்தை எல்லாக் குழியிலும் போடுகிறவர்தான் ஜெயிப்பார். இந்த ஆட்டத்தில் பந்து எங்கே எப்படிக் கிடக்கிறதோ, அங்கிருந்து அப்படியேதான் அடுத்த அடி. வேருக்கு நடுவில் கிடந்தால் வேருக்கு நடுவிலிருந்து. நகர்த்தக் கூடாது. ஆடுகிறவரும் கூடாது, அவருடைய கேடியும் கூடாது. நகர்த்திவிட்டு, சொல்லாமல் ஆடி ஜெயித்தால், அது ஜெயித்ததாக ஆகாது.

ஆனால் எங்கள் ஆட்களிடம் ஒரு வித்தை இருந்தது. வெறுங்காலின் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் பந்தைக் கவ்வி, குனியாமல், நடக்கிற நடையிலேயே தூக்கி, பக்கத்தில் நல்ல புல்மேல் வைத்துவிடுவார்கள். இரண்டு எட்டுதான். பின்னால் வருகிற சாருக்கு ஒன்றும் தெரியாது. அல்லது தெரியாத மாதிரி இருப்பார். "பந்து நல்லா கெடக்குதுங்க சார்" என்று கேடி சொன்னால் என்ன அர்த்தம் என்று இந்தக் கிளப்பில் எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட கேடிக்குக் கண் நல்ல கண் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை அவனைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

எங்கப்பாவுக்குத்தான் அதில் முதல் பெயர். விரல் வெள்ளிங்கிரி என்பார்கள். நடந்துகொண்டே பீடி பற்றவைப்பார், அந்த நேரத்தில் கீழே கால் வேலையை முடித்துவிடும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது திருட்டு என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அக்கா. டிரைவர் கதவைத் திறந்துவிடுகிற மாதிரி, அது வேலையில் ஒரு பகுதி.

பெரியப்பா மட்டும் கேடியாக இருந்தபோதே அதைச் செய்ததில்லை. ஆட்டக்காரர் ஆன பிறகு முதல் நாளே எங்கப்பாவிடம் சொன்னாராம். "வெள்ளி, என் பந்துல உன் விரல் பட்டுச்சுன்னா, அன்னைக்கே நடுச்சுவரை ரெண்டாளு உசரத்துக்குக் கட்டிருவேன்."

"உங்க பந்துக்கு என் விரல் எதுக்குங்கண்ணா? அதுவே போய் மெத்தைல படுத்துக்குது" என்றாராம் எங்கப்பா.

அப்புறம் தொண்ணூற்றொன்று. அந்த வருஷம் அகில இந்தியப் போட்டி இங்கேயே, நம்ம மலையில். ஒரு டயர் கம்பெனி நடத்தியது. நாலு நாள். நாலாம் நாள் பதினாறு குழி முடிந்தபோது பெரியப்பாவும் டெல்லிக்காரர் ஒருவரும் சமம். காலையில் மழை. பதினேழாவது குழிக்கு முதல் அடி அடிக்கிறார், பந்து வலப்பக்கம் சீகை மரக் கூட்டத்துக்குள் போய்விட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரியும் பாருங்கள், குழியில் நட்ட அந்தக் கொடிக்கு இந்தப் பக்கம். இப்போது பனியில் தெரியவில்லை. அங்கே கீழே முழுக்க வேர். போன பந்து போனதுதான். டெல்லிக்காரருடைய கேடி அப்போதே பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தானாம்.

எங்கப்பாதான் முதலில் மரத்தடிக்கு ஓடினார். பந்து தொலைந்துவிடக் கூடாது என்று ஓடுவது கேடியின் கடமை. மற்றவர்கள் வருவதற்கு ஒரு நிமிஷம் ஆனது. அந்த ஒரு நிமிஷம் அங்கே எங்கப்பாவும் பந்தும் மட்டும்தான்.

பெரியப்பா போய்ப் பார்க்கிறார். பந்து வேர்களுக்கு நடுவில் இல்லை. ஒரு கொத்துப் புல்லின் மேல், தட்டில் எடுத்து வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பெரியப்பா சிலுவை போட்டுக்கொண்டார். இரண்டு மரத்துக்கு நடுவில் ஓர் ஆள் நுழைகிற சந்து. அதன் வழியாக அடித்தார். பந்து கொடிக்கு ஒரு முழம் தள்ளிப் போய் நின்றது. ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். இன்றைக்கும் கிளப்பில் அந்த அடியைப் பற்றிப் பேசுவார்கள். அந்தச் சந்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

பரிசளிப்பு முன்பக்கத் தோட்டத்தில் நடந்தது. கேடிகள் வேலிக்கு வெளியே. பெரியப்பா மைக்கில் பேசினார். வேளாங்கண்ணி மாதாவுக்கு நன்றி சொன்னார். கிளப் தலைவருக்கு, டயர் கம்பெனிக்கு, உங்கள் அம்மாவுக்கு. வயிற்றில் நீங்கள் இருந்தீர்களாம், உங்களுக்கும் சொன்னாராம். பதினோரு வருஷம் பை தூக்கியவன் பெயர் வரவில்லை. எங்கப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் நின்றிருக்கிறார். கோபமாக இருந்ததா என்று நான் கேட்டேன். "சே, கேடி பேரை யாரு மைக்குல சொல்லுவா" என்றார். ஆனால் மைக்கில் வந்த பெயர்களை வரிசை மாறாமல் சொன்னார், அக்கா. முப்பது வருஷத்துக்கு அப்புறம்.

சம்பளத்தில் பெரியப்பா ஒருநாளும் குறை வைத்ததில்லை. அதையும் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன். மூன்று வருஷம் கழித்து பெங்களூரிலிருந்து வேறு கேடியை வைத்துக்கொண்டார். இங்கிலீஷ் தெரிந்த ஆள். எங்கப்பா மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை சார்களுக்குப் பை தூக்கினார்.

அப்புறம் தொண்ணூற்றொன்பது. பெரியப்பா ஒரு காட்சி ஆட்டத்துக்கு இங்கே வந்திருந்தார். ஆட்டம் முடிந்து, பழைய பாசத்தில் கேடி ஷெட்டுக்கு வந்து பங்கஜம் அத்தை கடையில் உட்கார்ந்தார். இருபது கேடிகள் சுற்றி. எங்கப்பாவும் இருந்தார். யாரோ அந்தப் பதினேழாவது குழிக் கதையைச் சொல்லச் சொன்னார்கள். அவரும் சொன்னார். பல ஊரில் சொல்லிச் சொல்லி நன்றாக வந்துவிட்டிருந்த கதை. கடைசியில், "நான் என்னத்த பண்ணுனேன். போய்ப் பாக்குறேன், பந்து தட்டுல வச்ச மாதிரி இருக்குது. மாதா எடுத்து வச்சா, நான் அடிச்சேன்" என்றார்.

எங்கப்பா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாராம். "மாதாவுக்கு எதுக்குண்ணா அந்தப் பாவம்? வேருக்குள்ள கெடந்துச்சு. இந்த விரல்தான் எடுத்து வச்சுது."

எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாங்களாம். "உன் விரலுக்கு மாதா சொரூபத்துக்குப் பக்கத்துல எடம் போட்டுத் தரச் சொல்லட்டுமா?" என்று கேட்டாங்களாம். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"வெளையாடாத வெள்ளி."

"வெளையாட்டு இல்லீங்கண்ணா."

"என் புள்ள மேல சத்தியமா சொல்லு."

அந்தப் பிள்ளை நீங்கள்தான், அக்கா. எங்கப்பா சத்தியம் செய்தார். மன்னித்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்ல வேண்டாம் என்று பார்த்தேன், ஆனால் விட்டுவிட்டால் கதை சரியாக வராது.

எட்டு வருஷம் மனசில் வைத்திருந்த உண்மையை எங்கப்பா அன்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு அப்புறம் நடந்ததற்கெல்லாம் அவரைக் காரணம் சொல்வது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்.

மறுநாள் பெரியப்பா எங்கள் லைன் வீட்டுக்கு வந்தார். அவர் அப்போது டவுனில் வீடு கட்டிக்கொண்டு போயிருந்தார். வாசலிலேயே நின்றாராம். "எந்தக் கால்?" என்று கேட்டார். எங்கப்பா வலது என்றார். போய்விட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடி. "எவ்வளவு ஆழத்துல கெடந்துச்சு?" "ரெண்டு விரக்கடை" என்றார் எங்கப்பா. அடுத்த வாரம் மறுபடி. "நான் வரும்போது நீ எங்க நின்ன?" இப்படி ஒரு மாதம். எங்கப்பாவுக்கு ஞாபகசக்தி அதிகம். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது ஞாபகம் வரும். பக்கத்தில் ஒரு எறும்புப் புற்று இருந்தது. கவ்வும்போது சீகைப் பட்டை ஒன்று நகத்தில் ஏறிவிட்டது. இரண்டாவது முயற்சியில்தான் பந்து வந்தது. எல்லாவற்றையும் பெரியப்பா கேட்டுக்கொண்டு, தலையாட்டிவிட்டுப் போவாராம். கடைசித் தடவை எங்கம்மா குறுக்கே வந்து, "போதுங்க மாமா, சோறு தின்னுட்டுப் போங்க" என்றார்கள். அவர் சாப்பிடவில்லை.

அப்புறம் அவரால் ஆட முடியவில்லை. ஆட முடியவில்லை என்றால், கை போய்விடவில்லை. கை அப்படியேதான் இருந்தது. பந்து மோசமான இடத்தில் கிடந்தால் பழைய சவரிதான், அற்புதமாக அடிப்பார். நல்ல இடத்தில் கிடந்தால்தான் பயம். உட்கார்ந்து புல்லைப் பார்ப்பார். பந்தைச் சுற்றி ஒவ்வொரு புல்லாகப் பிரித்துப் பார்ப்பார், யாராவது மிதித்திருக்கிறார்களா என்று. கேடியை இருபது அடி பின்னால் வரச் சொன்னார். அப்புறம் கேடியே வேண்டாம் என்று பையைத் தானே தூக்கினார். கல்கத்தாவில் ஒரு போட்டியில் முன்னணியில் இருந்தபோது, பந்து நல்ல புல்லில் கிடந்ததைப் பார்த்துவிட்டு நடுவரைக் கூப்பிட்டாராம். "இது என் பந்து விழுந்த எடம் இல்ல. யாரோ வச்சிருக்காங்க." நடுவர் நான் பார்த்துக்கொண்டே வந்தேன், யாரும் தொடவில்லை என்றார். இவர் கேட்கவில்லை. தனக்குத் தானே இரண்டு அடி தண்டம் போட்டுக்கொண்டார். அடுத்த குழியிலும். அதற்கடுத்த குழியிலும். அந்த வருஷத்துக்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் அவரைக் கூப்பிடவில்லை.

இரண்டாயிரத்தில் ஒருநாள், கோப்பையைத் துணிப்பையில் போட்டு இங்கே கொண்டுவந்தார். இந்த மேசையில்தான் வைத்தார். "இது என்னுது இல்லீங்க. எழுதி எடுத்துக்கோங்க. ஜெயிச்சவங்க பலகையில இருந்து என் பேரை அழிச்சிருங்க."

அப்போதிருந்த செகரட்டரி எங்கப்பாவை வரச் சொன்னார். கமிட்டியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா அந்த ஜன்னல் பக்கம் நின்றார். "வெள்ளிங்கிரி, அன்னிக்குப் பந்தைத் தொட்டியா?" என்று கேட்டார்கள். எங்கப்பா, "இல்லீங்க ஐயா. தொடலீங்க" என்று சொல்லிவிட்டார்.

பயம், அக்கா. தொட்டேன் என்று சொன்னால் கேடி பேட்ஜைப் பிடுங்கிவிடுவார்கள். அம்மா அப்போது மாசமாக இருந்தாங்க, நான் வயிற்றில். வேலை போய்விட்டால் என்ன செய்வது? அதனால் பொய் சொல்லிவிட்டார். எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்வான். என் பி.காம் படிப்பே அந்த ஒரு பொய்யில் நிற்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் அது. கிளப்பின் முன்வாசல் வழியாக உள்ளே வந்த முதல் ஆளும் நான்தான், ஆறு மாத ஒப்பந்தம் என்றாலும்.

பெரியப்பா எங்கப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "பயந்துக்கிட்டு இல்லேன்னு சொல்றியா வெள்ளி?" என்று கேட்டாராம். "நெசத்தைச் சொல்லு. நான் ஒன்னும் பண்ண மாட்டேன்." எங்கப்பா குனிந்த தலை நிமிராமல், "இதாங்கண்ணா நெசம். தொடல" என்றார். அழுதாராம். பெரியப்பா உட்பட ஒருத்தரும் நம்பவில்லை. பேட்ஜுக்காக அழுகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கமிட்டி சொன்னது வேறு. தொட்டிருந்தாலும் ஆட்டக்காரருக்கு அப்போது தெரியாது, போட்டியும் முடிந்துவிட்டது, முடிவை மாற்ற விதியில் இடமில்லை. கோப்பை உங்களுடையதுதான், எடுத்துக்கொண்டு போங்கள். பெரியப்பா எடுக்கவில்லை. மேசையில் விட்டுவிட்டுப் படியிறங்கினார். அன்றிலிருந்து அது அந்த அலமாரியில் இருக்கிறது. இருப்புப் பதிவேட்டில் இருபத்துச் சொச்சம் வருஷமாக ஒரே வரி. "ஒரு கோப்பை, உரிமையாளர் பெற்றுக்கொள்ளவில்லை." நான்தான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

அடுத்த மாதம் உங்கள் அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு மலையை விட்டு இறங்கிவிட்டார்கள். வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக்கூட யார் எடுத்து வைத்தது என்று கேட்க ஆரம்பித்துவிட்டார் என்று அத்தை சொன்னாங்க. அது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் கேட்க மாட்டேன்.

ஒன்று மட்டும் நானே பார்த்தேன். அதையும் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு எங்கள் குறுக்குவழி பதினேழாவது குழியின் வேலியோரமாகப் போகும். காலையில் பனியில் அவர் அந்தச் சீகை மரத்தடியில் நிற்பார். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, வெறுங்காலோடு. ஷூ இரண்டும் பக்கத்தில் ஜோடியாக இருக்கும். வேருக்கு நடுவில் பந்தைப் போட்டு, வலது கால் விரலால் கவ்விக் கவ்விப் பார்ப்பார். பந்து நழுவும். மறுபடி வைப்பார். வாட்ச்மேன்கள் அவரைத் துரத்த மாட்டார்கள். நான் நின்று பார்த்தால் எங்கம்மா, "பாக்காத, நட" என்பாங்க. மழைக்காலம், வெயில்காலம், வருஷக்கணக்கில். ஒரு தடவை மட்டும் பந்து விரலில் ஏறிவிட்டது. தூக்கிப் புல்மேல் வைத்துவிட்டார். நான் சந்தோஷப்பட்டேன், எதற்கென்று தெரியாமல். அவர் அந்தப் பந்தைப் பார்த்தபடியே வேரில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

போன மார்கழியில் அரசு ஆஸ்பத்திரியில் நிமோனியாவில் போனார். சான்றிதழ் நகல் பையில் வைத்திருக்கிறேன். கேடிகள் இப்போது ஏதேதோ சொல்கிறார்கள். பதினேழில் நன்றாகக் கிடந்த பந்து, பையை இறக்கிவைத்துத் திரும்புவதற்குள் வேருக்குள் போய்விடுகிறதாம். சவரி வந்து எடுத்துப் பழைய இடத்தில் வைக்கிறார் என்கிறார்கள். நான் நம்பவில்லை. ஆனால் நாலு மணிக்கு மேல் அந்தப் பக்கம் கோப்பு எடுத்துக்கொண்டு போகச் சொன்னால், சுற்றி ரோடு வழியாகத்தான் போகிறேன்.

எங்கப்பா அடக்கத்துக்கு வந்தார். கல்லறை கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். இப்போதெல்லாம் வெயில் அடித்தாலும் கம்பளிக்குள் காலை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். பனி இறங்கினால் ஜன்னலைச் சாத்தச் சொல்வார். ஒருநாள், "நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது மோனி" என்றார். "உண்மையைச் சொன்னதுக்கு எதுக்குப்பா வருத்தப்படறீங்க, கமிட்டியில பொய் சொன்னதுக்கு வேணா வருத்தப்படுங்க" என்றேன். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம், "நீ படிச்ச புள்ள" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜீப் சத்தம் கேட்கிறது. செகரட்டரி சார்தான். கையெழுத்து இந்த இடத்தில். இரண்டு வரி இருக்கிறது, பைக்கு ஒன்று, கோப்பைக்கு ஒன்று. பேனாவை எடுப்பதற்கு முன்னால் இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். இதைக் காட்டாமலே உங்களை அனுப்பிவிடலாம் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நேரம் பேசியதுகூட அதற்காகத்தானோ என்னவோ.

போன வாரம் சாமான் பட்டியல் போடுவதற்காகத் தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஃபைலைத் திறந்தேன். உள்ளே டயர் கம்பெனியின் கடிதம் ஒன்று. டிவிக்காரர்கள் வருவதால் நாலு நாளும் எல்லாக் கேடிகளுக்கும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ தருகிறோம், வெறுங்காலோடு வருகிறவரை உள்ளே விட வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. இதைப் பற்றி எங்கப்பா என்னிடம் சொன்னதே இல்லை. மறந்திருக்கலாம். முப்பது வருஷம் ஆகிவிட்டது, மறப்பது சகஜம்தான். பெரியப்பாவும் மறந்திருக்கிறார். கேடியின் காலை யார் பார்க்கிறார்கள்.

கடிதத்தோடு பதினாறு படங்கள். இதுதான் ஒன்பதாவது. பின்னால் பென்சிலில் எழுதியிருக்கிறது பாருங்கள், "பதினேழு, இரண்டாம் அடிக்கு முன்." சீகை மரம் தெரிகிறது. பெரியப்பா பந்துக்குப் பின்னால் நின்று சந்தைப் பார்க்கிறார். பந்து புல்மேல் இருக்கிறது. பக்கத்தில் பையோடு நிற்பது எங்கப்பா. ஷூ போட்ட காலால் பந்தை உருட்டலாம், கவ்வித் தூக்க முடியாது. ஒரு நிமிஷத்துக்குள் கழற்றிவிட்டு மறுபடி மாட்டியிருப்பார் என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி இருந்துவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டேன், அக்கா. நேற்று கணக்கர் மேசையிலிருந்து பெரிதாக்கிப் பார்க்கும் கண்ணாடியை வாங்கிவந்து வைத்துப் பார்த்தேன். கயிறு இரட்டை முடிச்சு. காலையில் பெய்த மழையின் சேறு முடிச்சின் மேல் காய்ந்து உறைந்திருக்கிறது. அவிழ்த்திருந்தால் உடைந்திருக்கும். உடையவில்லை, இரண்டு காலிலும்.